நந்தனார் கதைக்குள் வேதியர் வந்த வரலாறு: புராணம், கீர்த்தனை, திரைப்படம்

முன்னுரை

நந்தனார் கதையைச் சொல்லச் சொன்னால் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஆதனூரில் ஒரு வேதியரிடம் பண்ணையாளாக இருந்த நந்தன், மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறான். ஆண்டை மறுக்கிறார். பிறகு 40 வேலி நிலத்தின் வேலையையும் முடித்துவிட்டுப் போகலாம் என்கிறார். சிவபெருமான் அருளால் ஒரே இரவில் பயிர் விளைந்து நிற்கிறது. அதைக் கண்ட ஆண்டை நந்தனின் பெருமையை உணர்ந்து பணிகிறார்.

இதைப் பெரியபுராணக் கதை என்றே பலரும் நம்புகிறார்கள். ஆனால் சேக்கிழாரின் நூலில் அந்த வேதியர் இல்லை; 40 வேலி நிலமும் இல்லை; உத்தரவு கேட்டு நிற்கும் பண்ணையாளும் இல்லை. இவை அனைத்தும் ஏறத்தாழ 700 ஆண்டுகள் கழித்து ஓர் இசைநூல் வழியாகக் கதைக்குள் வந்தவை. திரைப்படம் அவற்றை ஊர்தோறும் கொண்டு சேர்த்தது.

புராணத்தைத் தமிழ்த்துறையிலும், கீர்த்தனையை இசைக்கல்லூரியிலும், படத்தைத் திரைப்பட ஆய்விலுமாகத் தனித்தனியே படிப்பதால் இந்த மாற்றம் நம் கண்ணில் படுவதில்லை. மூன்றையும் கால வரிசையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு கலைவடிவமும் கதையிடம் புதிதாக எதைக் கேட்டது என்பது துலங்கும். அப்படிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு பெயரிலிருந்து 37 பாடல்கள் வரை

எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையில் நந்தனாரைக் குறிக்கும் திருநாளைப்போவார் என்ற பெயர் மட்டுமே உண்டு, கதை இல்லை. பின்னர் நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் ஒரு பாடலை இவருக்கு ஒதுக்கினார். ஊர் ஆதனூர், பிறப்பு புலையர் குலம், தில்லை அம்பலவன் அருளால் முனிவராகித் தில்லை அந்தணர் மூவாயிரவர் கைகூப்ப நின்றவர் என்ற அளவில் அது முடிகிறது. அந்தப் பாடலில் தீ இல்லை. இது நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், சேக்கிழார் இதை 37 பாடல்களாக விரித்தார். அவருடைய சேரி வருணனை தமிழ்க் காப்பிய மரபில் தனித்து நிற்பது. கையில் இரும்புக் காப்பு அணிந்த சிறுவர்கள் நாய்க்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்கள் அரையில் கட்டிய இரும்பு மணியின் ஒலியில் குட்டிகளின் மெல்லிய குரைப்பு அமுங்கிப்போகிறது. மருத மர நிழலில் ஒரு சிறு தோலை விரித்து உழத்தி தன் குழந்தையை உறங்க வைக்கிறாள். மாமரக் கிளையில் பறைகள் தொங்குகின்றன. சேக்கிழார் ஏழ்மையை மறைக்கவில்லை. அந்த வாழ்க்கையின் அன்பையும் ஒலியையும் அருகில் இருந்து பார்த்தவர்போல் எழுதுகிறார்.

அவர் காட்டும் நந்தனார் எவரிடமும் அடிமையாக இல்லை. பறைத்தொழிலுக்காக ஊரார் விட்ட மானிய நிலம் அவர் உணவுக்கு வழி. சிவன் கோயில்களின் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத்தோலும் வாரும் தருகிறார். யாழுக்கும் வீணைக்கும் நரம்பு தருகிறார். பூசைக்குக் கோரோசனை தருகிறார். கோயிலுக்குள் எழும் இசைக்கு உயிர் கொடுக்கும் தோலும் நரம்பும் அவர் கையிலிருந்து போகின்றன; அவரோ வாயிலுக்கு வெளியே நிற்கிறார். இக்கதைக்கும் இசைக்கும் உள்ள உறவு இங்கேயே, காப்பியத்தின் அடித்தளத்திலேயே தொடங்கிவிடுகிறது.

திருப்புன்கூரில் அவர் கண்ணாரக் காண நந்தி விலகுகிறது. தில்லைக்கு வந்தவர் எல்லையிலேயே நின்றுவிடுகிறார். உள்ளே எழும் வேள்விப் புகையைப் பார்க்கிறார். இரவும் பகலும் ஊர் எல்லையை வலம் வருகிறார். இந்தப் புராணத்தில் அவரைத் தடுத்து நிறுத்தும் மனிதர் எவரும் இல்லை. தடையாக இருப்பது பிறப்பு. அவரே அதை நினைந்து வருந்துகிறார். கடைசியில் இறைவன் ஆணைப்படி மூவாயிரவர் தீ அமைக்கிறார்கள். அவர் அதில் மூழ்கி, பூணூலும் சடையுமாக முனிவர் கோலத்தில் எழுந்து, அம்பலத்துள் சென்று மறைகிறார். நம்பியின் பாடலில் இல்லாத தீயைச் சேக்கிழாரில் முதன்முதலாகக் காண்கிறோம்.

கீர்த்தனை கொண்டுவந்த ஆண்டை

நாகப்பட்டினம் அருகே நரிமணத்தில் பிறந்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. முடிகொண்டானிலும் மாயவரத்தை ஒட்டிய ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்தவர். திருமணம் செய்துகொள்ளாமல் இசையையும் வேதாந்தத்தையும் வாழ்க்கையாகக் கொண்டவர். அவர் இயற்றிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை 1860களின் தொடக்கத்தில் அச்சேறியது.

பாரதி வாழ்ந்த காவிரிப் படுகையில் நிலம் மிராசுதாரர் கையில் இருந்தது. உழைப்பு பண்ணையாளின் தலையில் இருந்தது. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை முறைக்குச் சட்ட ஏற்பை நீக்கியது. ஆனால் கடனாலும் வழக்கத்தாலும் கட்டுண்ட உழைப்பு வயலில் தொடர்ந்தது. பாரதியின் நூலை அச்சேற்றத் துணைநின்றவர் காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரி. அதே காரைக்கால் துறைமுகத்திலிருந்துதான் படுகையின் கூலித் தொழிலாளர்கள் கடல் கடந்த பிரெஞ்சுக் காலனிகளுக்குக் கப்பலேறினார்கள். பாரதியின் வேதியர் பிறந்தது இந்தச் சூழலில்.

சேக்கிழாரின் நந்தனாருக்குத் தில்லை போகத் தடையாக இருந்தது அவருடைய தயக்கம். பாரதியின் நந்தனுக்குத் தடை, நடவும் அறுவடையும், அவற்றைச் சொல்லி மறுக்கும் ஆண்டையும். 40 வேலி என்பது ஏறத்தாழ 265 ஏக்கர். ஒருவர் வாழ்நாள் முழுதும் உழைத்தாலும் தனியே முடிக்க முடியாத வேலை. அந்த நிபந்தனையைக் கேட்ட படுகைக் கேட்போர் தங்கள் ஊர் மிராசுதாரரை நினைத்திருக்க மாட்டார்களா? ஆன்மிகத் தவிப்பாக இருந்த கதை இங்கே உழைப்பின் கதையாகவும் ஆகிறது. எதிர்ப்பு ஆண்டையிடமிருந்து மட்டும் வருவதில்லை. சேரிப் பெரியவர்களும் நம் குலதெய்வங்களை விட்டுவிட்டு இது என்ன வழக்கம் என்று நந்தனைத் தடுக்கிறார்கள். இரு பக்கமும் நெருக்கப்பட்ட தனிமனிதனாக நந்தன் உருப்பெறுவது பாரதியின் கையில்தான்.

புலவர் உலகம் இதை உடனே ஏற்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, நூல் பெரியபுராணத்திலிருந்து விலகுவதையும் அதன் இலக்கணப் பிழைகளையும் எண்ணிச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார். பாரதியே பாடக் கேட்ட பிறகு மனம் நெகிழ்ந்து தந்தார். பாரதியின் வரலாற்றை எழுதிய உ.வே.சாமிநாதையரால் நாம் அறியும் செய்தி இது. ஏட்டில் படித்தபோது குறையாகத் தெரிந்த நூல் காதில் விழுந்தபோது வேறு நூலாக நின்றது. இசைக்கென எழுதப்பட்ட இலக்கியத்தை எழுத்தை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பல்லவி செய்யும் வேலை

பாரதி சிந்து, நொண்டிச்சிந்து, கண்ணி, விருத்தம், கீர்த்தனை எனப் பல வடிவங்களைக் கையாள்கிறார். இவற்றுள் கீர்த்தனை வடிவம் கதையின் பொருளையே மாற்றுகிறது. மாஞ்சி ராகத்தில் பாடப்படும் ‘வருகலாமோ’ இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. புராணத்தில் நந்தனாரின் தயக்கம் ஓரிரு பாடல்களில் சொல்லப்பட்டுக் கதை நகர்ந்துவிடுகிறது. கீர்த்தனையில் அந்தத் தயக்கமே பல்லவி. பாடகர் அனுபல்லவிக்குப் போனாலும் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். சரணம் முடிந்தாலும் திரும்ப வேண்டும். உள்ளே வரலாமா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் மீண்டும் கேட்கப்படுகிறது, பதில் வருவதில்லை. பைரவிக்கு நெருக்கமான மாஞ்சி, விளம்ப காலத்தில் குழைந்து நிற்கும் ராகம். விரைவாகப் பாடி அந்தக் கேள்வியைக் கடந்துபோக அது இடம் தராது.

இதை வகுப்பில் பாடமாக மட்டும் படித்தால் ஓர் இறைஞ்சலாகத் தோன்றும். பாடக் கேட்டால், பதில் சொல்லாமல் இருப்பவர்கள் யார் என்ற எண்ணம் எழும். மாணவர் புராணப் பாடலைப் படித்த கையோடு இக்கீர்த்தனையைக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

கதாகாலட்சேபத்திலிருந்து திரைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் கதாகாலட்சேபக் கலையைச் செழிக்கச் செய்தார். நந்தனார் சரித்திரம் அந்த மேடைகளில் நிலைபெற்றது. நாடகக் கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன. மௌனப்பட காலத்திலேயே நந்தனார் திரைக்கும் வந்துவிட்டார்.

1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தபின் ஒதுங்கியிருந்த அவருக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் தரப்பட்டது அன்று நாடறிந்த செய்தி. வேதியராக நடித்தவர் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதையர். இப்படத்தில் இரு பாத்திரங்களுக்கும் நடிகரைத் தேர்ந்த அளவுகோல் குரல். ஆண் வேடத்தைப் பெண் ஏற்பது மேடை மரபில் பழகியதுதான்.

1942இல் ஜெமினி ஸ்டூடியோவின் ‘நந்தனார்’ வந்தது. தயாரிப்பு எஸ்.எஸ். வாசன், இயக்கம் முருகதாசா. நந்தனாராக எம்.எம். தண்டபாணி தேசிகர், வேதியராக செருகளத்தூர் சாமா. தேவாரம் பாடும் ஓதுவார் மரபில் வந்தவர் தேசிகர். பின்னாளில் சிதம்பரத்திலேயே, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக விளங்கினார். அவர் குரலில் பாரதியின் பாடலும் பாபநாசம் சிவன் முதலியோரின் புதிய பாடலும் கலந்து ஒலித்தன. ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமே பிடிக்கும் இசைத்தட்டு, இரவெல்லாம் நடந்த காலட்சேபத்தைத் தனிப் பாடல்களாகப் பிரித்து வீடுகளுக்குள் கொண்டு சென்றது. பாடல் பரவியது, அதைச் சுற்றியிருந்த புராண விளக்கம் பின்தங்கியது. பாரதியின் கதையே மூலக்கதை என்ற எண்ணம் வலுப்பெற இதுவும் ஒரு காரணம்.

இரு படங்களுக்கும் நடுவே அரசியல் மாறியிருந்தது. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 1939 ஜூலை 8இல் வைத்தியநாதையர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றனர். இந்த நிகழ்வுகளுக்குப் பின் படம் பார்த்தவருக்கு, நந்தன் முன் வேதியர் பணியும் காட்சி பழைய புராண அற்புதமாக மட்டும் தோன்றியிருக்க முடியாது. பாரதி பாட்டில் சொன்னதைத் திரை உடம்பின் அசைவாகக் காட்டியது. ஆனால் மாறியது ஆண்டையின் மனம். நிலத்தின் உரிமை மாறவில்லை. சீர்திருத்தக் காலத்தின் நம்பிக்கையும் எல்லையும் அந்த ஒரு காட்சியில் சேர்ந்தே இருக்கின்றன.

தீயைக் குறித்த கேள்வி

கீர்த்தனையும் படமும் சேக்கிழாரின் தீயை விட்டுவைத்தன. அதைக் கேள்விக்கு உட்படுத்தியவர்கள் வேறு திசையிலிருந்து வந்தார்கள். ‘தமிழன்’ இதழை நடத்திய அயோத்திதாசப் பண்டிதர், நந்தன் ஒரு பௌத்த மன்னன் என்று கதையையே மாற்றி எழுதினார். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். கோயிலின் எல்லையில் நின்றவரின் பெயர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளின் கல்விக்கு வாயிலாயிற்று. புதுமைப்பித்தன் 1934இல் ‘புதிய நந்தன்’ சிறுகதையில் கதையைத் தம் காலத்து ஆதனூருக்குக் கொண்டுவந்தார்.

1968 டிசம்பர் 25 இரவு, அதே காவிரிப் படுகையின் கீழவெண்மணியில் விவசாயக் கூலிகளின் குடும்பத்தினர் 44 பேர் குடிசையொன்றில் எரிந்து மாண்டனர். அதன் பின்னணியில் ‘குருதிப்புனல்’ நாவலை எழுதிய இந்திரா பார்த்தசாரதி, 1978இல் ‘நந்தன் கதை’ நாடகத்தையும் எழுதினார். அந்த நாடகத்தில் தீ அருளின் வழி அல்ல, ஆதிக்கத்தின் சூழ்ச்சி. நம்பியின் பாடலில் இல்லாமல் இருந்து, சேக்கிழாரில் தூய்மையின் வாயிலாக நுழைந்த தீ, இங்கே குற்றமாகிறது.

முடிவுரை

இவ்வரலாறு மூன்று முடிவுகளுக்கு இட்டுச் செல்கிறது. முதலாவது, கதையில் வேதியர் இடம்பெற்றது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படுகையின் நிலவுறவால். சேக்கிழாரை மட்டும் படிப்பவருக்கும் படத்தை மட்டும் பார்ப்பவருக்கும் இது தெரிய வழியில்லை. இரண்டாவது, கலைவடிவம் கதையைச் சுமந்து செல்வதோடு நிற்பதில்லை. பல்லவி கேள்வியை விடாமல் கேட்டது, திரை வணங்கும் உடலைக் காட்டியது, நாடகம் தீ மூட்டிய கைகளைச் சுட்டியது. மூன்றாவது, பிந்தைய வடிவங்களைப் படித்தபின் மூலத்துக்குத் திரும்பினால் அதன் தனிச்சிறப்பும் கூடுதலாகத் தெரிகிறது: சேக்கிழாரின் நந்தனார் எவருடைய பண்ணையாளும் அல்லர்.

ஆகவே தமிழ் முதுகலை வகுப்பில் திருநாளைப்போவார் புராணம் பாடமாகும்போது, பாரதியின் கீர்த்தனை ஒலியாகவும், 1942 படத்தின் காட்சி ஒளியாகவும், ‘நந்தன் கதை’ நடிப்பாகவும் அதே அலகில் இடம்பெற வேண்டும். இசை மாணவர் மாஞ்சியைப் பயிலும் முன் அந்த 37 பாடல்களைப் படிக்க வேண்டும். தமிழ்த்துறையும் இசைத்துறையும் சேர்ந்து ஒரு பருவத்துக்கு இப்பாடத்தை நடத்தினால், எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சமூகம் ஒரே மனிதரைப் பற்றி எத்தனை விதமாகத் தனக்குள் வாதாடியிருக்கிறது என்பதை மாணவர் தாமே கண்டறிவார்கள்.