பரத்பூர்: கல்லில் எழுதிய கணக்கும் தண்ணீர்க் கணக்கும்

ஆக்ரா, ஜெய்ப்பூர் பக்கம் சுற்றுலா போகிற குடும்பங்கள் நம் குடியிருப்பில் ஆண்டுக்கு இரண்டு மூன்றாவது உண்டு. தாஜ்மகாலைப் பார்த்துவிட்டு ஜெய்ப்பூர் சாலையைப் பிடித்தால் சுமார் 55 கிலோமீட்டரில் பரத்பூர் வரும். டிரைவர் தானாக நிறுத்தமாட்டார், நீங்கள்தான் நிறுத்தச் சொல்ல வேண்டும். கேவலாதேவ் தேசியப் பூங்காவின் வாசல் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. அரை நாள் ஒதுக்குங்கள். முடிந்தால் ஓர் இரவு தங்கி, விடியற்காலையில் உள்ளே போங்கள்.

நம்மைப் போன்ற மூட்டுவலிக்காரர்களுக்கு ஏற்ற இடம் இது. ஏற்றம், இறக்கம் கிடையாது. நடுவில் நேரான தார்ச்சாலை, இரு பக்கமும் கருவேல மரங்கள், அவற்றுக்கு அப்பால் தண்ணீர். நடக்கலாம், வாசலில் வாடகை சைக்கிள் எடுக்கலாம், இரண்டுமே முடியாதவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா இருக்கிறது. ரிக்‌ஷாக்காரர்களுக்குப் பறவைகளை அடையாளம் காணப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா ஒரு திசையைப் பார்த்தால், அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். மரக்கிளையில் ஆந்தையாக இருக்கலாம், பொந்துக்கு வெளியே வெயில் காயும் மலைப்பாம்பாகவும் இருக்கலாம். பிரதான சாலையை விட்டு, குளங்களுக்கு நடுவே போகும் கரைகளில் இறங்கி நடந்தால் கடமான், நீலகாய் மான், நரி எல்லாம் கண்ணில் படும். மொத்தப் பரப்பு ஏறக்குறைய 29 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் 350-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன.

இயற்கைப் பூங்கா என்று எல்லோரும் சொல்கிறார்கள். இயற்கை இங்கே கொடுத்தது ஒரு பள்ளம் மட்டும்தான். கம்பீர், பாணகங்கா என்ற இரண்டு ஆறுகள் மழைக்காலத்தில் பெருகி பரத்பூர் ஊருக்குள் புகுந்துகொண்டிருந்தன. 18-ஆம் நூற்றாண்டில் ஜாட் மன்னர் சூரஜ்மல் வெள்ளத்தைத் தடுக்க அஜான் அணைக்கரையைக் கட்டினார். அந்தத் தண்ணீர் தேங்கிய தாழ்நிலம்தான் பின்னாளில் ‘கனா’ ஆயிற்று. கனா என்றால் அடர்ந்த காடு. கேவலாதேவ் என்பது உள்ளே இருக்கும் சிவன் கோவிலின் பெயர். ஆக, ஒரு வெள்ளத் தடுப்புத் திட்டத்தின் உபரி வரவு இந்தப் பூங்கா. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அரச குடும்பம் கரைகளும் மதகுகளும் போட்டு, குளம் குளமாகத் தண்ணீரைப் பிரித்தது. பறவைகள் மேல் உள்ள பிரியத்தால் அல்ல, வாத்து சுடுவதற்காக.

அந்தக் கணக்கைக் கோவில் பக்கத்தில் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். தேதி, யார் வந்தபோது, எத்தனை பறவை, எத்தனை துப்பாக்கி என்று பத்தி பத்தியாக இருக்கும். 36 வருஷம் லெட்ஜர் பார்த்த எனக்கு அது உடனே புரிந்துவிட்டது. வரவுப் பத்தி மட்டும் எழுதிய லெட்ஜர்! 1902-இல் வைஸ்ராய் கர்சன் காலத்தில் தொடங்கி 1960-கள் வரை போகிறது. 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது விழுந்தவை 4,273 பறவைகள், ஒரே நாளில். அந்த வரிக்கு முன்னால் சற்று நேரம் நில்லுங்கள். சைபீரியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்தவை அதில் உண்டு.

சுதந்திரத்துக்குப் பிறகு வேறொரு நியாயம் எழுந்தது. சதுப்பை வடித்து விவசாய நிலமாக்க வேண்டும் என்று சுற்று வட்டாரத்தில் கோரிக்கை. நாட்டில் சோற்றுக்குத் தட்டுப்பாடு இருந்த காலம், அதைத் தவறென்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. பறவையியலாளர் சாலிம் அலி நேருவிடம் எடுத்துச் சொன்னதால் கனா பிழைத்தது. 1956-இல் சரணாலயம் ஆனது. ஆனாலும் அரச குடும்பத்தின் வேட்டை உரிமை 1972 வரை நீடித்தது. சரணாலயத்துக்குள்ளேயே வேட்டை என்பது நமக்கு விசித்திரமாகத் தெரிகிறது. அந்தக் காலத்து ஒப்பந்தம் அப்படி.

இனி வருவதை உங்கள் வழிகாட்டி தானாகச் சொல்லமாட்டார். 1982-இல் கேவலாதேவ் தேசியப் பூங்கா ஆனது. தேசியப் பூங்கா என்றால் கால்நடை மேயக்கூடாது என்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம். சுற்றியிருந்த கிராமத்தார் தலைமுறை தலைமுறையாக எருமைகளை இங்கேதான் ஓட்டி வந்தார்கள். எருமை தண்ணீரைக் கெடுக்கிறது என்பது அன்றைய நிபுணர்களின் கருத்து. மாற்று மேய்ச்சல் நிலம் கொடுக்காமல் வாசலை மூடினார்கள். அந்த நவம்பரில் கிராமத்தாருக்கும் போலீசுக்கும் மோதல், துப்பாக்கிச் சூடு, கிராமத்தார் சிலர் இறந்தார்கள். எத்தனை பேர் என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. 1938-இல் செத்த வாத்துகளின் கணக்கு கடைசி எண் வரை கல்லில் இருக்கிறது.

எருமை வெளியே போன பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. பாஸ்பாலம் என்ற நீர்ப்புல் குளங்களை மூடிவிட்டது. எருமை அதைத் தின்றும் மிதித்தும் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. திறந்த நீர்ப்பரப்பு சுருங்கினால் வாத்துக்கு இறங்க இடமில்லை, மீன் குறையும், மீன் தின்னும் பறவையும் குறையும். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1980 முதல் பத்து ஆண்டுகள் இங்கே ஆய்வு செய்தது. வி. எஸ். விஜயன் தலைமையிலான அந்தக் குழு, ஓரளவு எருமை மேய்ச்சல் சதுப்புக்கு நல்லது என்றே முடிவு சொன்னது. தடைக்குச் சார்பாக இருந்த சங்கத்தின் ஆய்வே இப்படிச் சொன்னது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். பின்னால் கிராமத்தார் வந்து புல் அறுத்துப்போக அனுமதித்தார்கள். இறந்தவர்களுக்கு அது எந்த விதத்திலும் ஈடல்ல.

இதற்கிடையில் கௌரவங்களும் வந்தன. 1981-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியல், 1985-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். பரத்பூரை உலகுக்குத் தெரியவைத்த சைபீரியக் கொக்கு மட்டும் குறைந்துகொண்டே போனது. உடல் முழுக்க வெள்ளை, முகம் சிவப்பு. மேற்கு சைபீரியாவிலிருந்து ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகக் குளிர்காலத்துக்கு வரும். 1960-களில் சுமார் 200 வந்தன. வழியில் வேட்டையும் போரும் ஏரிகள் வற்றியதும் சேர்ந்து அவற்றைக் கரைத்தன. 2002-க்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை. இங்கே எத்தனை காவல் போட்டும் பயனில்லாமல் போனது அதனால்தான்.

இப்போதைய கவலை தண்ணீர். பூங்காவுக்கு ஆண்டுக்கு 55 கோடி கன அடி தேவை என்பது கணக்கு. கரௌலி மாவட்டத்தில் கம்பீர் ஆற்றின் குறுக்கே பாஞ்சனா அணை வந்த பிறகு ஆற்றுத் தண்ணீர் கீழே வருவது நின்றுபோயிற்று. அணைப் பகுதி விவசாயிகள் எங்கள் வயலுக்கே போதவில்லை என்று போராடினார்கள். 2004 வாக்கில் குளங்கள் காய்ந்து, பறவைகள் கூடு கட்டாமலே போயின. பிறகு கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் போட்டார்கள், சம்பல் ஆற்றுத் தண்ணீரும் கொஞ்சம் கொண்டுவந்தார்கள். காவிரிச் செய்தி படித்தே வளர்ந்த நமக்கு இதில் எந்த வரியையும் விளக்க வேண்டியதில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. ஆற்று வெள்ளத்தோடு மீன் குஞ்சும் வரும், குழாயில் அது அவ்வளவாக வராது. மஞ்சள் மூக்கு நாரையும் பாம்புத்தாராவும் அந்த மீனை நம்பித்தான் கருவேல மரத்தில் கூடு வைக்கின்றன.

கூடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்டு, செப்டம்பரில் போங்கள். வலசை வரும் வாத்துகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. நம் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து அங்கேயும் இறங்கும். ஜனவரியில் காலைப் பனிமூட்டம் ஒன்பது மணி வரை விலகாது, ஸ்வெட்டர் அவசியம். சைக்கிள் எடுக்கும்போது பிரேக்கையும் சீட் உயரத்தையும் வாசலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ரிக்‌ஷா என்றால் ஓட்டுபவரிடம் இந்த வருஷம் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பறவை பற்றிக் கேட்பதைவிட இதற்கு விரிவாகப் பதில் வரும்.