கார் ஏன் "நீ யாரு?"ன்னு கேட்கலை

கேன்னு சொன்னதும் தண்ணி கேன் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை :-) இது காருக்குள்ள ஓடற கேன். இஞ்சின், பிரேக், ஏர்பேக், கதவு... இப்படி ஒவ்வொண்ணுக்கும் காருக்குள்ள ஒரு குட்டிக் கணினி உக்காந்திருக்கு. அதெல்லாம் தங்களுக்குள்ள பேசிக்கற முறைக்குத்தான் இந்தப் பேர்.

1983ல ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துல உவே கீன்கே இந்த வேலையை ஆரம்பிச்சார். ஒயர் மிச்சம் பிடிக்கத்தான் கண்டுபிடிச்சாங்கன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. ஒயர் குறைஞ்சது உப லாபம்தான். புது வசதிகளைச் சேர்க்கணும்ங்கறதுதான் நோக்கம். சக்கரம் வழுக்கினா பிரேக் பெட்டி இஞ்சின் பெட்டிகிட்ட "வேகத்தைக் குறை"ன்னு உடனே சொல்லணும் இல்லையா? அன்னிக்கு இருந்த எந்த முறையும் இதுக்கு ஒத்து வரலை. 1986 பிப்ரவரியில டெட்ராய்ட்ல நடந்த வாகனப் பொறியாளர் மாநாட்டில் கேன் அறிமுகமாச்சு. 1987ல இன்டெல் முதல் சிப்பைக் கொண்டு வந்தது. 1992ல மெர்சிடிஸ் பென்ஸ் தன் உயர்ரகக் கார்களில் பயன்படுத்தியது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது, சண்டையே இல்லாம முறை வைக்கிற விதம். முறுக்கின ரெண்டு ஒயர். எல்லாப் பெட்டிகளும் அதையே கேட்டுக்கிட்டு இருக்கும். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால ஒரு எண். ரெண்டு பெட்டி ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சா, எண்ணை ஒவ்வொரு இலக்கமா அனுப்பும். ஒயர்ல 0 எப்பவும் 1ஐ அமுக்கிடும். நான் 1 அனுப்பி, ஒயர்ல 0 கேட்டா, "சரி, என்னைவிட அவசரக்காரர் பேசறார்"னு நான் வாயை மூடிக்கணும். ஜெயிச்ச செய்திக்கு ஒரு கீறல்கூட விழாது, நேரமும் வீணாகாது.

அதனால எந்தச் செய்திக்கு எந்த எண்ணுங்கறதுதான் வடிவமைப்பாளரோட தலைவலி. பிரேக்குக்குச் சின்ன எண், கண்ணாடிக்குப் பெரிய எண். ஒரு செய்தியில 8 பைட்டுக்கு மேல தகவல் கிடையாது. நீளமா ஒருத்தர் பேசிக்கிட்டே இருந்தா அவசரக்காரர் காத்துக் கிடக்கணுமே! 1994ல யார்க் பல்கலைக்கழகத்தின் கென் டின்டெல் குழு, ஒரு செய்தி அதிகபட்சம் எவ்வளவு நேரம் காத்திருக்கும்னு கணிக்க வழி சொன்னது. அந்தக் கணக்கில் ஓட்டை இருக்குன்னு 2007ல கண்டுபிடிச்சுத் திருத்தினாங்க. தாமதத்தைப் பத்தி அவ்வளவு கவலை.

ஆனா அந்த எண் "இது என்ன செய்தி"ன்னு மட்டும்தான் சொல்லும். "யார் அனுப்பினது"ன்னு சொல்லாது. இதுல ஒரு நல்லது: புதுப் பெட்டி ஒண்ணை மாட்டினா பழைய பெட்டிகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டாம். மூடின காருக்குள்ள யார் வந்து பொய் சொல்லப் போறாங்க?

வந்தாங்க. 2010ல வாஷிங்டன், கலிஃபோர்னியா (சான் டியாகோ) பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுது பார்க்கற துவாரத்துல ஒரு மடிக்கணினியைச் சொருகி, ஓடற காரோட பிரேக்கைச் செயலிழக்க வச்சுக் காட்டினாங்க. 2015ல சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் காரைத் தொடக்கூட இல்லை. செல்பேசி இணைப்பு வழியா ஒரு ஜீப் செரோக்கியின் பாட்டுப்பெட்டிக்குள்ள நுழைஞ்சு, அங்கேருந்து கேனுக்குத் தாவி, நெடுஞ்சாலையில வண்டியைத் தள்ளாட வச்சாங்க. ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

கீன்கே குழுவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. 1983ல காருக்கும் வெளி உலகத்துக்கும் தொடர்பே இல்லை. திண்ணையில யார் வேணா உக்காரலாம்னு கட்டின வீடு அது. பின்னாடி வந்தவங்க அந்தத் திண்ணை வரைக்கும் நெடுஞ்சாலை போட்டாங்க, ஆனா கதவு வைக்கலை. தப்பு அங்கேதான்னு நான் நினைக்கறேன்.

2012ல வந்த புது வகைக் கேன்ல ஒரு செய்திக்கு 64 பைட் வரை இடம் உண்டு. "நான்தான் அனுப்பினேன்"னு முத்திரை போட இப்ப தாராளமா இடம் இருக்கு. பழைய 8 பைட் வண்டிகளும் இன்னும் ரோட்டுல ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அதனால உங்க ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கற துவாரத்துல யாராவது எதையாவது மாட்டினா, என்ன ஏதுன்னு கேளுங்க மக்களே. கார் கேட்காது, நாமதான் கேட்கணும்.