கடனும் குரங்கும்: இருபடிச் சமன்பாட்டின் கதை

"மைனஸ் பி ப்ளஸ் ஆர் மைனஸ்..." என்று ராகம் போட்டு மனப்பாடம் செய்யாமல் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் குறைவு. அந்த ஒற்றைச் சூத்திரம் பிறக்க முதலில் என்ன தேவைப்பட்டது தெரியுமா? கடன்!

சுமார் 3800 ஆண்டுகளுக்கு முன்பே பாபிலோனியர்கள் களிமண் பலகைகளில் இருபடிக் கணக்குகள் போட்டிருக்கிறார்கள். 9-ம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் நூலிலிருந்துதான் 'அல்ஜீப்ரா' என்ற பெயரே வந்தது. ஆனால் அவர் குறை எண்களை ஏற்கவில்லை. அதனால் சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து, வகைக்கு ஒரு வழி சொல்ல வேண்டியதாயிற்று.

அவருக்கு ஏறக்குறைய 200 ஆண்டுகள் முன்பே, கி.பி. 628-ல், பிரம்மகுப்தர் 'பிரம்மஸ்புடசித்தாந்தம்' எழுதிவிட்டார். மிகை எண்ணை அவர் 'தனம்' என்றார். குறை எண்ணை 'ருணம்', அதாவது கடன் என்றார். கடனைக் கடனால் பெருக்கினால் தனம். (காமர்ஸ் மாணவர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்!) கடனும் ஓர் எண்தான் என்று ஆனதும், வகை பிரிக்கும் வேலை போயிற்று.

பிறகு வந்தவர் ஸ்ரீதரர். அவருடைய இயற்கணித நூல் தொலைந்துவிட்டது. இரண்டாம் பாஸ்கரர் எடுத்துக் காட்டியதால்தான் அவரது முறை நமக்குத் தெரியும். பாஸ்கரரின் குரங்குக் கணக்கிலேயே அதைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து, அதில் மூன்றைக் குறைத்து, வர்க்கப்படுத்தினால் எத்தனையோ அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. மிச்சம் ஒன்று மரக்கிளையில். மொத்தம் எத்தனை?

சுருக்கினால் x² − 55x = −250. ஸ்ரீதரர் வழியில் இருபுறமும் x²-ன் கெழுவின் நான்கு மடங்கால், இங்கே 4-ஆல், பெருக்கி, 55-ன் வர்க்கத்தைக் கூட்ட வேண்டும். இடப்பக்கம் (2x − 55)², வலப்பக்கம் 2025. பின்னமே எட்டிப் பார்க்காத வர்க்கப் பூர்த்தி! 2025-ன் வர்க்கமூலம் 45. அதைக் கூட்டியும் கழித்தும் பார்த்தால் x = 50 அல்லது 5.

இரண்டு விடையும் சமன்பாட்டில் பொருந்துகின்றன. ஆனால் 5-ல் ஐந்தில் ஒரு பங்கு 1. அதில் மூன்று போனால் −2. இத்தனை தூரம் கடனை வைத்தே கணக்குப் போட்ட பாஸ்கரர், இந்த இடத்தில் தயங்குகிறார். குறை எண்ணிக்கையில் குரங்கு என்றால் ஜனங்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று 5-ஐத் தள்ளிவிட்டு, 50-ஐ மட்டும் விடையாக வைத்துக்கொண்டார்.