ஐரோப்பியர் கடல்வழி தேடியது ஏன்?

ஐரோப்பியர் கடல்வழியே உலகத்தைத் தேடப் புறப்பட்டதன் காரணம் யாதெனப் பள்ளி மாணவன் ஒருவனைக் கேட்டால், "1453-ம் ஆண்டில் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிள் நகரைப் பிடித்துக் கீழ்நாட்டு வியாபார வழியை அடைத்துவிட்டனர், ஆதலின் புதுவழி தேட நேர்ந்தது" என்று தயங்காது விடை பகர்வான். நம்மிற் பலர் படித்த பாடமும் இதுவே. ஆயின் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்ப்போமானால் இவ்விடை நிற்கமாட்டாது.

போர்ச்சுக்கல் அரசன் முதலாம் ஜான், ஆப்பிரிக்காவின் வடகரையிலுள்ள ஸியூட்டா நகரைக் கைப்பற்றியது 1415-ல்; கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்வதற்கு 38 ஆண்டுகளுக்கு முன்னர். வெனிஸ் வணிகர் இந்திய மிளகைப் பெரும்பாலும் வாங்கியதோ எகிப்திலுள்ள அலெக்ஸாண்டிரியாத் துறைமுகத்தில். அந்த எகிப்தைத் துருக்கிச் சுல்தான் வென்றது 1517-ல். வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்தது 1498-ல். அங்ஙனமாயின் துருக்கியர் அடைத்த வழி எது?

வழி அடைபடவில்லை, அது பிறர் கையில் இருந்தது. அதுவே உண்மைக் காரணம். மலையாளக் கரையில் ஏற்றிய மிளகு, மரக்கலங்களிற் செங்கடல் சேர்ந்து, ஒட்டகத்தின் மேலும் நைல் நதிப் படகிலும் அலெக்ஸாண்டிரியாவை அடையும். எகிப்துச் சுல்தான் வரி கொள்வான். வெனிஸ் வணிகன் இலாபம் கொள்வான். கைமாறுந்தோறும் விலை ஏறும். ஐரோப்பாவின் மேற்கு மூலையிற் கிடந்த சிறு நாடாகிய போர்ச்சுக்கல், யாவரும் இலாபம் கொண்டபின் கடைசி விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

எனினும் தொடக்கத்தில் அந்நாட்டார் நாடியது மிளகன்று, பொன். சகாராப் பாலைவனத்தின் தெற்கேயிருந்து ஒட்டகக் கூட்டங்கள் கொணர்ந்த பொன்னை, கடல்வழியே சென்று நேராகப் பெற எண்ணினர். இதனோடு சமயப் பகையும் கலந்தது. எங்கோ தொலைவில் பிரெஸ்டர் ஜான் என்னும் கிறிஸ்தவ மன்னன் உளன் என்றும், அவன் துணையால் முகம்மதியரை இருபுறமும் நெருக்கலாம் என்றும் நம்பினர்.

ஆசை இருந்தும் அச்சம் தடுத்தது. பொஜடோர் முனைக்கு அப்பாற் சென்ற கப்பல் மீளாது என்பது மாலுமிகளின் நம்பிக்கை. இளவரசர் ஹென்றி அனுப்பிய கில் ஈயான்ஸ் என்பானும் முதன்முறை அஞ்சித் திரும்பினான். 1434-ல் மீண்டும் சென்று முனையைத் தாண்டினான். ஆங்கே அவன் கண்டது அமைதியான கடலும் ஆளற்ற கரையுமே! தலைமுறை தலைமுறையாக ஊன்றியிருந்த அச்சம், ஒருவன் நேரிற் சென்று பார்த்த அளவிலே ஒழிந்தது.

இவ்வெற்றி வெள்ளையரின் பிறவி மேன்மையால் வந்ததென்பாரும் உளர். அது பொய். காந்த ஊசி சீனர் கண்டது. விண்மீனின் உயரத்தை அளக்கும் கருவி, கிரேக்கரிடமிருந்து பெற்று அராபியர் வளர்த்தது. 1488-ல் டயஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வழி திறந்தான். ஆயினும் ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள மலிந்தியிலிருந்து ட காமாவைக் கள்ளிக்கோட்டைக்கு நடத்தியவன், அக்கடலை நன்கறிந்த கீழ்நாட்டு மாலுமி ஒருவனே. பிறரிடம் கற்க நாணாமையே போர்ச்சுக்கீசியரின் திறமை.

ஆனால் அறிவு வளர்ந்த அளவுக்கு அறம் வளரவில்லை. 1444-ல் போர்ச்சுக்கல்லின் லாகோஸ் துறையில் 235 ஆப்பிரிக்கர் இறக்கப்பட்டுப் பங்கிடப்பட்டனர். தாய் ஒருபுறம், பிள்ளை ஒருபுறம். 1511-ல் நமக்கு அண்மையிலுள்ள மலாக்காவையும் போர்ச்சுக்கீசியர் பீரங்கியால் வென்றனர். கிராம்பும் சாதிக்காயும் மேற்கே செல்லும் வாயில் அதுவே. பிறர் கையிலிருந்த வழியை நொந்து புறப்பட்டவர்கள், வழியைத் தம் கையிற் கொண்டதும் பிறர்க்குச் செய்தது இது.

அச்சத்தை விட்டு ஆராய்ந்த துணிவை நாம் அவர்களிடம் கற்போம். பிறன் உழைப்பையும் உடலையும் விலைப்பொருளாக்கிய பேராசையை வெறுப்போம். சரித்திரம் படிப்பதன் பயன், இவ்விரண்டையும் பிரித்தறிவதேயாம்.