ஹாக்கி மட்டைக்கு மரம் வந்த கதை

நம்ம குருவிகுளம் வட்டாரத்தில் கலப்பைக்கு மரம் பார்க்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். டிராக்டர் வந்த பிறகு அவர்களுக்கு வேலை இல்லையே தவிர, கண் மறந்துவிடவில்லை. கருவேல மரத்தைச் சுற்றி வந்து, இயற்கையாகவே வளைந்து நிற்கிற கிளையைத்தான் ஆசாரி தட்டிப் பார்ப்பார். நேரான கட்டையில் வளைவாகச் செதுக்கினால் ஆகாதா என்று நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "வரி அறுந்து போகும்டா, முதல் உழவிலேயே பிளந்துக்கும்" என்றார். மரத்தின் நார் எப்படிப் போகிறதோ அப்படியே கலப்பையும் போக வேண்டும் என்பது அவர் கணக்கு.

அதே கணக்கை இன்னொரு சாமானில் பார்க்கலாம். பக்கத்திலே கோவில்பட்டி இருக்கிறது. அங்கே லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக வடநாட்டிலிருந்தெல்லாம் ஹாக்கி அணிகள் வந்து ஆடும். நம்ம ஊர்களிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வந்தவர்கள் நிறையப் பேர். ஆட்டத்தைப் பார்த்தோம். கையிலிருந்த மட்டை எந்த மரம் என்று யோசித்தோமா? அது முசுக்கொட்டை. பட்டுப்பூச்சிக்கு இலை பறித்துப் போடுகிறோமே, அதே மல்பெரிதான்!

நம்ப முடியவில்லை, இல்லையா? நாம் அதைச் செடியாக வைத்து, வளர வளரக் கவாத்து செய்துகொண்டே இருக்கிறோம். அதனால் அது ஒரு மரம் என்பதே நமக்கு மறந்துபோயிற்று. விட்டால் பெரிய மரமாகும். கட்டை உறுதியானது, அதோடு நார் வளைந்து கொடுக்கும். ஒரே மரத்தில் இந்த இரண்டும் சேர்ந்திருப்பது அபூர்வம்.

ஹாக்கியை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தது வெள்ளைக்காரப் பட்டாளம். 1885-ல் கல்கத்தாவில் முதல் கிளப் தொடங்கினார்கள். மட்டையும் அவர்களோடுதான் வந்தது. அது ஆஷ் என்கிற குளிர்நாட்டு மரத்தில் செய்தது. அயர்லாந்தில் ஹர்லிங் என்று ஹாக்கிக்குச் சொந்தக்கார ஆட்டம் ஒன்று உண்டு. அதற்கும் ஆஷ்தான். அவர்கள் நம்ம ஆசாரி மாதிரியே செய்கிறார்கள். மரத்தின் தூர்ப் பகுதி, வேருக்குத் திரும்புகிற இடத்தில் விரிந்து வளைகிறதல்லவா? தரையிலிருந்து சுமார் நாலடி மட்டும் எடுத்து, அந்த வளைவிலேயே மட்டையை அறுக்கிறார்கள். மேல்மரம் அதற்கு உதவாது. அதனால் ஒரு மரத்துக்குச் சில மட்டைகள்தான் தேறும்.

பஞ்சாபில் வேறு வழி கண்டார்கள். அங்கே சியால்கோட் நகரத்தில் 1880-களுக்குப் பிறகு விளையாட்டுச் சாமான் தொழில் வளர்ந்தது. முசுக்கொட்டைச் சட்டத்தை நன்றாக உலர்த்தி, நுனியை நீராவியில் பதப்படுத்தி, சூட்டோடு சூடாக இரும்பு அச்சில் வளைத்து இறுக்கிவிடுவார்கள். ஆறிக் காய்ந்தால் வளைவு நின்றுவிடும், வரியும் அறாது. கைப்பிடிக்குப் பிரம்பும் ரப்பரும் சேர்த்து ஒட்டி, ஆப்பு மாதிரி மட்டைக்குள் இறக்குவார்கள். அடிக்கிறபோது கை அதிராமல் இருக்க அந்த ஏற்பாடு.

இதில் விசேஷம் என்னவென்றால், முசுக்கொட்டையை ஆஷை விடக் குறுகலாக வளைக்க முடிந்தது. இங்கிலீஷ் மட்டையின் தலை நீளமானது. நம்ம ஆட்களின் மட்டைத் தலை குட்டையாயிற்று. பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சடக்கென்று புரட்டி ஓட்டுகிற இந்திய ஆட்டத்துக்கு அது தோதாக அமைந்தது. 1928-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி 1956 வரை ஆறு ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வாங்கினோம். ஆட்டக்காரர்களின் திறமைதான் பெரிது, மறுக்கவில்லை. மரத்துக்கும் ஒரு பங்கு கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, அந்த மரத்தை நட்டது யார்? யாருமே நடவில்லை என்பதுதான் வேடிக்கை. லாகூருக்குத் தெற்கே சாங்கா மாங்கா என்று ஒரு காடு. 1866-ல் ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டுமென்று வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த காடு, சுமார் 12,000 ஏக்கர். அவர்கள் போட்டது சிசு என்கிற நூக்கு ஜாதி மரம். வாய்க்கால் தண்ணீரோடு முசுக்கொட்டை விதை வந்து ஒதுங்கியது. பழத்தைத் தின்ற பறவைகள் மீதியை விதைத்தன. சிசு நிழலிலேயே அது களை மாதிரி முளைத்து, வெட்ட வெட்டத் துளிர்த்தது. பிறகு ரயிலுக்கு நிலக்கரி வந்தது, விறகுக்குக் கிராக்கி குறைந்தது. களையாக வந்த முசுக்கொட்டைதான் சியால்கோட் பட்டறைகளுக்கு மூலப்பொருளாயிற்று.

1947-ல் தேசம் பிரிந்தது. சியால்கோட்டும் சாங்கா மாங்காவும் பாகிஸ்தானில் போய்விட்டன. மட்டை செய்யத் தெரிந்த இந்து, சீக்கியக் குடும்பங்கள் உயிர் பிழைத்தால் போதும் என்று இந்தப் பக்கம் வந்து, ஜலந்தரிலும் மீரட்டிலும் ஒண்டின. கையில் தொழில் இருந்தது, காடு இல்லை. ஐம்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு வண்டியில் வந்து இறங்கிய மரம் எல்லைக்கு அப்பால் நின்றது. வாய்க்கால் கரை, ரோட்டோரம், வயல் வரப்பு என்று தனித்தனியாக நின்ற முசுக்கொட்டையைத் தேடித்தான் மறுபடி பட்டறையைத் தொடங்க வேண்டியிருந்தது. தொடங்கினார்கள். 1948-ல் லண்டனில் வெள்ளைக்காரனையே நாலுக்குச் சைபர் என்று தோற்கடித்தோம். 1960-ல் ரோமில் பாகிஸ்தான் நம்மை ஒன்றுக்குச் சைபர் என்று தோற்கடித்தது. பிரிவதற்கு முன் இரண்டு தரப்புக்கும் மட்டை ஒரே காட்டு மரத்தில் ஆனதுதான்.

மரத்துக்குக் கடைசி அடி வேறு திசையிலிருந்து வந்தது. 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதல்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடினார்கள். அந்த உரசலுக்கும் ஈரத்துக்கும் மரம் சீக்கிரம் தேயும். 1990-களுக்குப் பிறகு கண்ணாடி இழை, கார்பன் இழை மட்டைகள் மேலோங்கின. பெரிய ஆட்டத்தில் மர மட்டை இன்று இல்லை. கோவில்பட்டியிலும் செயற்கைத் தரை போட்டாயிற்று. அயர்லாந்துக்காரர்களுக்கோ வேறு சங்கடம். ஆஷ் மரத்தை நுனியிலிருந்து கருக்கிக் கொல்லும் பூசண நோய் 2012-ல் அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. மட்டைக்கு ஏற்ற பருவம் வர ஒரு மரத்துக்கு இருபத்தைந்து, முப்பது வருஷமாவது வேண்டும். நட்டுவைத்த விவசாயிகள் பாதி வளர்ந்த தோப்பை வெட்டிப் போடுகிற நிலைமை. நம்ம பக்கம் தென்னையில் வாடல் நோய் பார்த்தவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு ஜலந்தரிலிருந்து மர மட்டை இன்னும் வருகிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வாங்கினால், பெயிண்டு தேய்ந்த இடத்தில் வளைவைத் திருப்பிப் பாருங்கள். வரி கூடவே வளைந்து போயிருந்தால் பதமாக வளைத்த கட்டை. வளைவில் வரி குறுக்கே அறுந்து நின்றால் அது பலகையில் வெட்டியது, காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.