பதிவேட்டில் எழுதிய பொய்

குடிநோய்ச் சிகிச்சையின் வரலாற்றில் மருத்துவர்களின் பெயர்களையே நாம் முதலில் நினைவுகூர்கிறோம். சேர்க்கைப் பதிவேட்டின் முன் அமர்ந்திருந்த ஒரு கன்னியாஸ்திரீ இல்லாமல் அந்த வரலாறு முழுமை பெறாது.

சகோதரி இக்னேஷியா அயர்லாந்தில் பிறந்தவர், இசை கற்பித்தவர். உடல் நலிவுற்றபின், ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிவு செய்யும் எளிய பணி அவருக்குத் தரப்பட்டது. குடிநோயாளிகளுக்குப் பொது மருத்துவமனைகள் படுக்கை மறுத்த காலம் அது. 1939 ஆகஸ்டில் மருத்துவர் பாப் ஸ்மித் அத்தகைய ஒருவரை அழைத்து வந்தார். ஸ்மித் தாமும் குடியிலிருந்து மீண்டவர். 1935இல் பில் வில்சனுடன் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைத் தொடங்கியவர். இக்னேஷியா 'கடும் இரைப்பை அழற்சி' என்று எழுதி நோயாளியைச் சேர்த்துக்கொண்டார். பிறர் கண்ணில் படாதிருக்க, பூக்களைச் சீர்செய்யும் சிற்றறையே அவருக்கு இடமாயிற்று.

அந்த ஒரு படுக்கை பின்னர் தனி வார்டாக வளர்ந்தது. குடியை விட்டவர்களே அங்கு வந்து புதியவர்களிடம் பேசினர். விடைபெறுவோருக்கு இக்னேஷியா திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மீண்டும் குடிக்க நினைத்தால் முதலில் அதைத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. 1952இல் கிளீவ்லண்டில் ரோசரி ஹால் பிரிவையும் உருவாக்கினார்.

பொது மருத்துவமனைகள் குடிநோயாளிகளை ஏற்க வேண்டுமென அமெரிக்க மருத்துவச் சங்கம் தீர்மானித்தது 1956இல். பதினேழு ஆண்டுகள் கழித்து.

பதிவேட்டில் எழுதியது பொய்தானே எனலாம். நோயை ஒழுக்கக்கேடு என்று சொல்லி மனிதரை வாசலிலேயே நிறுத்தியது அதனினும் பெரிய பொய் என்றே நாம் கருதுகிறோம்.