தொலைபேசி விற்பனைப் பணி

முன்பின் அறியாதவர்களைத் தொலைபேசியில் அழைத்துக் கடன், காப்பீடு, கிரெடிட் கார்டு, வீட்டு மனை போன்றவற்றை விற்கும் வேலை. இந்தியாவில் இதைச் செய்பவரை டெலிகாலர் என்பார்கள்.

பெரிய அழைப்பு மையங்களில் வேலையின் வேகத்தைத் தானியங்கி டயலரே தீர்மானிக்கிறது. ஓர் அழைப்பு முடிந்த கையோடு அடுத்த எண் இணைந்துவிடும். சற்றுமுன் வசவு வாங்கியவர் அதே மூச்சில் “வணக்கம் சார்” என்று தொடங்க வேண்டும். பேசிய நிமிடங்களும் இடைவேளையும் டீம் லீடரின் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அடிப்படைச் சம்பளம் குறைந்து, வருமானம் இன்சென்டிவை நம்பியிருக்கும் இடங்களில் டார்கெட்டை எட்ட வேண்டிய மாதக் கடைசி மிகக் கடுமையானது. நிபந்தனைகளை மறைத்துப் பேசும் தூண்டுதல் பிறப்பதும் அப்போதுதான். அதைத் தனிமனிதக் குறையாக மட்டும் பார்ப்பது நியாயமன்று.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட், விமானப் பணிப்பெண்களையும் கடன் வசூலிப்பவர்களையும் ஆராய்ந்து, 1983இல் வெளியிட்ட நூலில் ‘உணர்ச்சி உழைப்பு’ என்ற கருத்தை விளக்கினார். சொந்த உணர்வை அடக்கி, நிறுவனம் கேட்கும் உணர்வைக் காட்டுவதும் கூலிக்குச் செய்யும் உழைப்பே என்றார். டெலிகாலருக்கு இது முழுக்கப் பொருந்தும். முகம் தெரியாததால் எல்லாவற்றையும் குரல் ஒன்றே சுமக்கிறது. தொண்டைக் கரகரப்பு இவர்களிடம் சாதாரணம்.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2010 விதிகள் இரவு 9 முதல் காலை 9 மணிவரை வணிக அழைப்புகளைத் தடுத்தன. விளம்பர அழைப்பு வேண்டாதவர் 1909 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். இவை சந்தாதாரரைக் காக்கும் ஏற்பாடுகள். அழைப்பவரின் டார்கெட்டைப் பற்றி அவை பேசுவதில்லை.